ஜன்னலுக்குக் கீழே ஒற்றைக் கால்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நாவலப்பிட்டி பஸ்ஸில், எனக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்த ஒரு பிள்ளையின் போனுக்குள்.

அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லைதான். ஆனால் பேராதனை தாண்டி பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, நாள் முழுக்க மூட்டை தூக்கிய கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் கண்ணும் போகும். அந்தப் பிள்ளை பெருவிரலால் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தது. கோப்பிக் கிண்ணம். பூச்சாடி. நீலக் கதவுக்கு முன்னால் ஒரு கல்யாணச் சோடி. மறுபடியும் கோப்பிக் கிண்ணம். அப்புறம் ஒரு தரை. சாம்பல் நிறச் சீமெந்துத் தரை, மேலே தண்ணி நிற்கிற மாதிரி மினுக்கம். அதில் ஒரேயொரு காலடி. இடது கால். சுண்டுவிரல் இல்லை.

அந்தக் காலை எனக்குத் தெரியும். பதினொரு வருஷம் அதற்குப் பக்கத்தில் நின்று சாந்து குழைத்திருக்கிறேன்.

மறுநாள் கண்டி மார்க்கெட்டில், உருளைக்கிழங்கு லொறிக்குப் பின்னால் வைத்து செல்லச்சாமியிடம் சொன்னேன்: "ஒங் காலு போன்ல வருதுடா. ஆளுங்க போட்டோ புடிக்கிறாங்க." இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அவன் அங்கே போயிருக்க மாட்டான், நானும் எழுதுவதற்கு இந்தக் கொப்பியை வாங்கியிருக்க மாட்டேன். ஆகவே நடந்ததில் பாதிப் பொறுப்பு என்னுடையது.

2

ஆரம்பத்தை மூன்று தரம் எழுதினேன். வெட்டியதையும் இங்கேயே விட்டு வைக்கிறேன். செல்லச்சாமி மாதிரி ஆள் பழைய தரையைக் கொத்திய இடம் தெரியாமல் பூசிவிடுவான். எனக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் எழுத்துக் கூட்ட வந்தது. பூசி மறைக்கிற கை இன்னும் வரவில்லை.

முதல் ஆரம்பம்: கண்டி வாவியின் மேலே மூடுபனி மெல்ல விலகிக்கொண்டிருந்த அந்த—

வெட்டினேன். அன்றைக்குப் பனி இல்லை. பத்து மணி வெயில் மண்டையைப் பிளந்தது. கண்டி என்று எழுதியதும் கை தானாகப் பனிக்குப் போகிறது.

இரண்டாவது: ஏழைத் தொழிலாளியான செல்லச்சாமி தன் வாழ்நாளில் ஒருபோதும்—

இதையும் வெட்டினேன். யாருடா ஏழை என்று சண்டைக்கு வருவான். எங்கள் வீட்டு வரிசையிலேயே பெரிய டீவி அவன் வீட்டில்தான் இருக்கிறது.

மூன்றாவது: அந்தக் கால் அங்கே எப்படி வந்தது?

இது இருக்கட்டும்.

3

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வாவிக்கு மேற்பக்கத் தெரு ஒன்றில், பழைய மாடிக் கட்டடமொன்றைக் கோப்பிக் கடையாக மாற்றினார்கள். முதலாளி ஸிபான் கெலிஓயாப் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். சுவரைத் தொடாதீங்க, கூரையைத் தொடாதீங்க, தரையை மட்டும் புதுசாப் போடுங்க என்றார். ஒரு பாஸ் வேலையை எடுத்தார். (வெளிநாட்டில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு: எங்கள் பக்கம் பாஸ் என்றால் மேசன் வேலைக்குத் தலைமையாள்.) அவருக்குக் கீழே நாங்கள் இரண்டு பேர். நான் குழைக்கிறவன். செல்லச்சாமி தேய்க்கிறவன்.

தரை தேய்ப்பது பின்னோக்கிப் போகிற வேலை. உள்மூலையில் தொடங்கி, குந்தியபடி, தேய்ப்புத் தகட்டால் இழுத்து இழுத்து, பின்பக்கமாகவே நகர்ந்து வாசலுக்கு வந்து சேர வேண்டும். கடைசி இழுப்பை வாசற்படியில் நின்று இழுத்துவிட்டு எழும்பினால், உள்ளே ஒரு மனிதனும் கால் வைக்காத தரை கிடக்கும். அந்த நேரம் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். தூங்குகிற பிள்ளையை விட்டுவிட்டு வெளியே வருகிறவன் போல மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான்.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தத் தரையையும் தொடங்குமுன் ஒரு சின்னப் பித்தளைத் தட்டில் வெற்றிலை வைத்து, அதன்மேல் சூடம் கொளுத்துவான். பாஸ் சிங்களவர், அவரும் செருப்பைக் கழற்றிக் கும்பிடுவார். சூடம் அணைந்ததும் தட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் வேலை. அன்றைக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரிலேயே ஒரு பழைய விளக்கு மாடம் இருந்ததால் தட்டை அதில் வைத்தான். மறந்துவிட்டான்.

பொழுது சாயும்போது வேலை முடிந்தது. பாஸ் போய்விட்டார். நான் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறேன், இவன் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். தட்டு உள்ளே. அது அவன் பெண்சாதி சீதாவுக்கு அவள் தாய் கொடுத்த தட்டு. விடிந்தால் வெள்ளிக்கிழமை. அதையெல்லாம்விட, சாமித் தட்டை ஆளில்லாத கட்டடத்தில் பூட்டிவிட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை.

பின்பக்கமாகச் சுற்றிப்போய் ஜன்னலில் ஏறி உட்கார்ந்தான். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. நான் வெளியில் நின்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். கையை நீட்டினான். தட்டுக்கு இரண்டு அங்குலம் காணாது.

இந்த இடத்தில் "என் பிடி நழுவியது" என்று எழுதி வைத்திருந்தேன். பொய். பிடி நழுவவில்லை. "எட்டி எடுடா, நேரமாகுது" என்று நானாகத்தான் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். அவன் தட்டை எடுத்துவிட்டான். இடது கால் ஒரு தரம் கீழே போய் வந்தது.

அதைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டுமானால் இன்னும் நாலு இடத்தில் கால் வைக்க வேண்டும். இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

காலையில் பாஸ் பார்த்தார். கொத்தி எடுக்க உளியைக் கையில் எடுத்துவிட்டார். அந்த நேரம் ஸிபான் வந்து குனிந்து பார்த்து, அது அப்படியே இருக்கட்டும், அழகாக இருக்கிறது என்றார். பாஸ் காலடியை விட்டார், காலுக்குரியவனை விடவில்லை. அந்த வாரத்துக்குள் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கம்பளை வரைக்கும் எல்லா வேலைத்தளத்திலும் அவனுக்கு ஒரு பட்டம் வந்துவிட்டது: காலடிச் செல்லச்சாமி. தேய்க்கிற வேலைக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. போய் நின்றால், "ஒரு கால வீட்டுல வச்சிட்டு வா, யோசிப்போம்" என்று சிரித்தார்கள். அவன் என்னோடு மார்க்கெட்டுக்கு வந்துவிட்டான். (நானும் அந்த வேலையை விட்டேன். குழைக்கிறவன் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.)

மார்க்கெட்டில் மதியச் சோறு சாப்பிடும்போது அவன் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் முதலில் தரையைத் தடவுவான். வெடிப்பு எங்கே, மேடு எங்கே என்று விரல் தேடும். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மறுபடியும் தகட்டைப் பிடிக்க வேண்டும். அந்தக் கால் பிழை இல்லை, அதைப் பார்க்கத்தான் ஆள் வருகிறது என்று பாஸிடம் ஸிபான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் போன் படத்தைப் பற்றிச் சொன்னதும் அவன் கண் முழித்துக்கொண்டது அதற்குத்தான்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. அவன் மகள் நிஷாந்தினி, இருபத்திரண்டு வயது, ஹோட்டல் படிப்புப் படித்துவிட்டுப் பதினொரு மாதமாக வேலை செய்வதும் அதே கடையில்தான். ஒருநாளும் அவள் அப்பாவை வாங்க என்று கூப்பிட்டதில்லை. மூட்டை தூக்குகிற ஆளைத் தன் அப்பா என்று காட்ட வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு இவனும் போகவில்லை.

4

இதற்கு மேல் நடந்ததில் நான் இல்லை. குட்ஸ் ஷெட் பஸ் ஸ்டாண்டில் வைத்து அவன் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அங்கங்கே நான் கூட்டியும் இருப்பேன்.

இந்தப் பகுதியை முதலில் கோபமாக எழுதினேன். வாசலில் ஒரு காவல்காரன் அவனை மறிக்கிறான். சட்டையைப் பார்த்து ஒரு பெண் மூக்கைச் சுளிக்கிறாள். இரண்டு பக்கம். வாசித்துக் காட்டியபோது செல்லச்சாமி விழுந்து விழுந்து சிரித்தான். "எவன்டா என்னைய மறிச்சான்? கதவ இழுத்துப் புடிச்சிக்கிட்டு நின்னாங்கடா, மாப்பிள்ளைக்கு நிக்கிற மாதிரி."

அதுதான் எனக்குச் சிக்கல். கோபத்துக்கு என்னிடம் சொல் நிறைய இருக்கிறது. ஒருவன் வாயைத் திறந்துகொண்டு அதிசயப்பட்டு நின்றான் என்பதை எப்படி எழுதுவது? இதோ, பார்க்கிறேன்.

அந்தத் தெரு அவனுக்குப் புதிது இல்லை. முன்பு மணல் கூடையோடு ஏறி இறங்கிய தெரு. ஆனால் இப்போது கதவுகள் நீலமும் மஞ்சளும் செங்கல் நிறமுமாக இருந்தன. மர மாடிகளிலிருந்து பூங்கொடி தொங்கியது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் யாரோ ஒருவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தாள். அவள் சிநேகிதி வெள்ளித்தாள் மாதிரி ஒன்றைப் பிடித்து அவள் முகத்துக்கு வெயிலைத் திருப்பிக்கொண்டிருந்தாள். வெயிலைத் திருப்ப முடியும் என்பதே அவனுக்குப் புதிது. ஒரு த்ரீவீல்காரர் தன் வண்டியில் சாய்ந்து நின்ற சோடி படம் எடுத்து முடிக்கும்வரை பொறுமையாக ஓரத்தில் நின்றார். பூச்சு உதிர்ந்த சுவருக்கு முன்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

பூச்சு உதிர்ந்தால் அது பாஸுக்குக் கெட்ட பெயர். அதற்கு வரிசையா? செல்லச்சாமி கிட்டப் போய்ப் பார்த்தான். அவர்கள் நின்ற இடத்தில் நின்று, அவர்கள் பார்த்த மாதிரிப் பார்த்தான். சிவப்பு, அதற்குக் கீழே சுண்ணாம்பு, அதற்குக் கீழே செங்கல், ஓரத்தில் பாசி. "மெய்யாத்தான்டா சொல்றேன்," என்றான் என்னிடம், "அது அழகாத்தான் இருந்திச்சு. முப்பது வருஷமா நான் அத மறைக்கத்தானே சம்பளம் வாங்கினேன்."

5

கடை வாசலில் செருப்பைக் கழற்றினான்.

யாரும் கழற்றச் சொல்லவில்லை. உள்ளே எல்லோரும் சப்பாத்தோடுதான் இருந்தார்கள். ஆனால் கதவு திறந்ததும் அவன் கண்ணில் பட்டது தரை. தேய்த்தவன் தன் தரையை அதற்குப் பிறகு பார்ப்பதில்லை; அது ஆள்கள் புழங்கும் இடமாக ஆகும்போது நாங்கள் வேறு ஊரில் குழைத்துக்கொண்டிருப்போம். முதல் தரமாக அவன் பார்த்தான். கூரையிலிருந்து நீளக் கயிற்றில் பல்புகள் தொங்கின, ஒவ்வொன்றுக்குள்ளும் மஞ்சள் நரம்பு எரிவது தெரிந்தது. அத்தனை பல்பும் தரைக்குள்ளே இன்னொரு தரம் எரிந்தன. கதிரைக் கால்கள் தரைக்குள்ளே நீண்டுகொண்டே போயின. அதன்மேல் செருப்போடு போக அவனால் முடியவில்லை. ஆற்றில் இறங்குகிற மாதிரி ஒவ்வொரு காலாக வைத்துப் போனான்.

நிஷாந்தினி கோப்பி இயந்திரத்துக்குப் பின்னால் நின்றாள். கறுப்பு ஏப்ரன், உயரக் கட்டிய முடி. அப்பாவைக் கண்டாள். பிறகு அவன் காலைக் கண்டாள். முகம் வெளுத்துவிட்டது. ஓடி வந்து, குரலைத் தாழ்த்தி, ஏம்பா செருப்பைக் கழட்டினீங்க என்று கேட்டாள்.

"தரை பளபளன்னு கெடக்குதேம்மா."

"இங்க ஒக்காருங்க. கால மேசைக்குக் கீழ வச்சுக்குங்க. வெளிய நீட்டாதீங்கப்பா, கெஞ்சிக் கேக்குறேன்."

அவன் காலை இழுத்துக்கொண்டான். தான் நினைத்தது சரிதான், வெட்கப்படுகிறாள் என்று நெஞ்சு ஒருதரம் கசந்தது. ஆனால் அந்தக் கசப்போடு அதிக நேரம் இருக்க முடியவில்லை. அவள் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். நுரையின் மேல் ஓர் இலை.

நரம்போடு, காம்போடு, இலை. எதால் வரைந்தார்கள்? அவள் அடுத்தடுத்த கிண்ணத்தை நிரப்பும்போது, இயந்திரத்துக்குப் பின்னால் மகளின் கையையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பால் குவளையைச் சாய்த்தாள். மணிக்கட்டு மட்டும் மெல்ல நெளிந்தது. கடைசியில் ஒரு இழுப்பு, உடனே குவளை மேலே. தகட்டை மட்டம் பார்த்து இழுத்து, கோடு விழாமல் தூக்குகிற அதே இழுப்பு. அதை அவளுக்கு அவன் சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் அவன் வேலை செய்கிற இடத்துக்கு வந்ததும் இல்லை.

குடிக்க மனம் வரவில்லை. பக்கத்து மேசைச் சோடியும் குடிக்காமல் கிண்ணத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும் போலிருக்கிறது, நல்ல முறைதான் என்று அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

(அவன் ஸிபானிடம் பேசத்தானே போனான் என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. நானும் கேட்டேன். "மறந்துட்டேன்டா" என்றான்.)

6

ஜன்னலுக்குக் கீழே அவன் கால் இருந்தது. சுற்றிவர மெல்லிய பித்தளைக் கம்பி பதித்திருந்தார்கள், கோயிலில் சாமி பாதத்துக்குப் பதிக்கிற மாதிரி. கழுத்தில் பெரிய கமராவோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் அதற்குப் பக்கத்தில் நின்றாள். நிஷாந்தினி போய் இங்கிலீசில் ஏதோ சொல்லத் தொடங்கினாள். என்ன சொல்கிறாள் என்று விளங்கவில்லை. ஆனால் அந்தப் பெண் கமராவை மறந்து வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது விளங்கியது. தன் பிள்ளை வாயிலிருந்து இத்தனை இங்கிலீசு, தட்டாமல், தடுமாறாமல். காதுக்குள் தண்ணி ஓடுகிற மாதிரி இருந்தது அவனுக்கு.

பிறகு பக்கத்து மேசைச் சோடி எங்களுக்கும் சொல்லுங்க என்று கேட்க, அவள் சிங்களத்தில் சொன்னாள். சிங்களம் அவனுக்கு நன்றாகத் தெரியும். அவள் அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், தேயிலை வருமுன், இந்த மலையெல்லாம் கோப்பி. இந்தக் கட்டடம் கோப்பி மூட்டை அடுக்கும் இடம். கடல் கடந்து வந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்த ஒரு மனிதர் இங்கே மூட்டை சுமந்தார். தரை ஈரமாக இருந்த ஒரு நாள் கடைசி மூட்டையை இறக்கிவிட்டு, இந்த ஜன்னலடியில் ஒரு கால் வைத்தார். ஏன் ஒரு கால் மட்டும்? மற்றக் காலை ஊருக்குப் போகத் தூக்கிவிட்டார். அந்தக் கால் எங்கே போய் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

(கேட்கும்போது அது தன் கால் என்பதே அவனுக்கு மறந்துவிட்டதாம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தச் சீமெந்தா என்று அவனுக்கு ஒருதரம்கூடத் தோன்றவில்லையாம். முப்பது வருஷம் சீமெந்தில் கிடந்தவன்.)

சுண்டுவிரல்? சோடியில் பெண்தான் கேட்டாள்.

அவருக்கு ஒரு பெண்பிள்ளை இருந்தது, என்றாள் நிஷாந்தினி. அதற்குக் காய்ச்சல். அடை மழை. தண்ணி வீட்டுக் காம்பராவுக்குள் ஏறி வருகிறது. பிள்ளை படுத்திருக்கிற பாய் நனையக்கூடாதென்று அவர் இருட்டில் வெளியே போய்த் தண்ணி வடியக் கான் வெட்டினார். மண்வெட்டி விரலில் விழுந்தது. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் பிள்ளை முழித்துவிடும்.

செல்லச்சாமிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்தக் காலத்து மனிதருக்காக, கடல் தாண்டி வந்து ஒரு காலை மட்டும் விட்டுப் போனவருக்காக, சத்தம் போடாமல் நின்றவருக்காக அழுதான். கையால் துடைத்துக்கொண்டு, பாவம் என்று நினைத்தான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. அந்த மழை தெரியும். அந்தக் கான் தெரியும். காய்ச்சலோடு படுத்திருந்தது நாலு வயது நிஷாந்தினி. இதை அவன் ஒருநாளும் அவளுக்குச் சொன்னதில்லை. சீதா சொல்லியிருக்க வேண்டும்.

அவளுக்குத் தெரியும். முதல் நாளே தெரிந்திருக்கும், யார் கால் என்று.

மேசை துடைக்க வந்த ஜஹானா என்ற பிள்ளை, அவன் யாரென்று அறியாமல், ஆறுதலாகப் பேச்சுக் கொடுத்தாள். இந்தக் கதையைக் கேட்டு நிறையப் பேர் அழுதீக்கிறாங்க மாமா என்றாள். கதையை நிஷாந்தினிதான் கண்டுபிடித்துச் சொன்னாளாம், பழைய புத்தகத்தில் பார்த்ததாம். இப்போது வழிகாட்டிகள் எல்லாம் இதற்கென்றே ஆள் கொண்டுவருகிறார்களாம். ஸிபான் நானா (அவள் பேச்சில் நானா என்றால் அண்ணன்) திறக்கப்போகிற அடுத்த கடைக்கு அவளைத்தான் பொறுப்பாக வைக்கப் போகிறாராம்.

இப்போது உங்களுக்கும் எனக்கும் தெரிந்தது அவனுக்கும் தெரிந்துவிட்டது. இது என் கால் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் பெயர் கழுவப்பட்டுவிடும். தகடு கைக்கு வந்துவிடும். அதே வார்த்தையில் மகள் பொய்க்காரி ஆகிவிடுவாள், அத்தனை பேருக்கு முன்னால். தரை புதிதென்று ஸிபானுக்குத் தெரியும்தான்; ஆனால் கதை அம்பலமானால் பழியை அவர் தன் தலையில் ஏற்கப் போவதில்லை.

7

அந்த வெள்ளைக்காரப் பெண் தரையில் படுத்துவிட்டாள். காலடியைப் பக்கவாட்டில் எடுக்க வேண்டும் போல. கன்னம் தரையில் முட்டும்படி படுத்துக்கொண்டு கமராவை அங்கே இங்கே திருப்பினாள். திருப்பும்போது அது மேசைக்கடியில் வந்து நின்றது.

மேசைக்கடியில், அதே தரையில், நாலு விரலோடு ஒரு இடது கால்.

அவள் கமராவை இறக்கினாள். பதிந்த காலைப் பார்த்தாள். இருந்த காலைப் பார்த்தாள். மெல்ல எழும்பி, செல்லச்சாமியின் முகத்தைப் பார்த்தாள். கடையின் மறுபக்கத்தில் நிஷாந்தினி பால் குவளையோடு அப்படியே நின்றாள். கிண்ணம் நிரம்பி வழிந்து அவள் கையெல்லாம் பால்.

"அப்புறம்?" என்றேன்.

குட்ஸ் ஷெட்டில் எங்கள் பஸ் ஸ்டார்ட் எடுத்துவிட்டது. ஏறி, இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு மறுபடி கேட்டேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

"மிச்சத்த நீயே எழுதிக்க. அதுக்குத்தானே கொப்பி வாங்கி வச்சிருக்க."

அதற்குப் பிறகு மூன்று தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். அதே பதில்தான்.

8

ஆகவே எழுதினேன்.

முடிவு ஒன்று: செல்லச்சாமி எழுந்தான். நேரே ஜன்னலடிக்கு நடந்தான். தன் காலைத் தூக்கி அந்தப் பதிவுக்குள் வைத்தான். பொருந்தியது. கடையே கைதட்டியது. மகள் ஓடி வந்து—

சனிக்கிழமை டீவியில் வருகிற மாதிரி இருக்கிறது. கைதட்டுகிறவர்கள் யார்? ஏமாந்ததற்கு யார் கைதட்டுவார்கள்? வெட்டினேன்.

முடிவு இரண்டு: வெள்ளைக்காரப் பெண் நேரே ஸிபானிடம் போனாள். அன்று பின்னேரம் நிஷாந்தினி ஏப்ரனைக் கழற்றி மடித்து—

இதை எழுதிய நாள் எண்பது மூட்டை இறக்கியிருந்தோம். என் உடம்பு நோவை ஒரு பிள்ளையின் வேலையில் இறக்கி வைத்துவிட்டேன். அவள் என்ன பாவம் செய்தாள்? வெட்டினேன்.

முடிவு மூன்று: அவன் ஒரு விரலை வாயில் வைத்து, சத்தம் போடாதே என்று அந்தப் பெண்ணுக்குச் சைகை காட்டினான். அவளும் தலையாட்டினாள். கோப்பியைக் குடித்துவிட்டு, யாருக்கும் ஒன்றும் சொல்லாமல்—

இது பரவாயில்லை. மூன்று நாள் இதை முடிவென்றே வைத்திருந்தேன். ஆனால் இது நான் அந்தக் கதிரையில் இருந்திருந்தால் செய்திருக்கக் கூடியது. அவன் என்னைப் போல இல்லை. நான் வெளியில் நின்று சட்டையைப் பிடிக்கிறவன். அவன் காலை உள்ளே வைக்கிறவன்.

9

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். கதை எழுதுகிறவன் முடிவைத் தேடி இப்படி அலையக்கூடாது என்று தெரியும். செருப்பைக் கழற்றவில்லை.

நிஷாந்தினி இருந்தாள், அதே ஏப்ரனோடு. வாங்க மாமா என்றாள், கதிரையை இழுத்துப் போட்டாள். அதற்குள் ஒரு கூட்டம் வந்துவிட்டது, ஏழெட்டு வெளிநாட்டுக்காரர்கள். ஜன்னலடிக்குப் போய்க் கதையைத் தொடங்கினாள். நான் ஜஹானாவைக் கூப்பிட்டு, சொல்லச் சொல்லத் தமிழில் சொல்லும்படி கேட்டேன். கோப்பி, மன்னார், மூட்டை, மழை, மண்வெட்டி. எல்லாம் நான் எழுதின மாதிரியே வந்தது. சத்தம் போட்டால் பிள்ளை முழித்துவிடும் என்ற இடத்தில் கதை முடிய வேண்டும். முடியவில்லை.

"இப்ப புதுசா ஒண்டு சேர்த்தீக்கிறா," என்றாள் ஜஹானா. "அந்த மனிசன் ஒரு நாள் திரும்பி வந்தாராம். இந்த வாசலால, செருப்பில்லாம. தன்ட கால்தானெண்டு தெரியாம, இந்தக் கதையக் கேட்டு அழுதாராம்."

ஒரு கிழவர் ஏதோ கேட்டார். அவர் அதில் காலை வைத்துப் பார்த்தாரா என்று கேட்கிறார் என்றாள் ஜஹானா. நிஷாந்தினி சிரித்துக்கொண்டே ஒரு பதில் சொன்னாள். கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

"என்ன சொன்னா?"

"வச்சாராம். பொருந்தல்லயாம். அத்தன வருஷம் நடந்து கால் அகண்டு போய்ட்டாம்." ஜஹானா கொஞ்சம் யோசித்தாள். "நேத்து கேட்டவங்களுக்கு வேற மாதிரி சென்னா. முந்தாநாள் வேற மாதிரி."

கூட்டம் படமெடுக்கப் போனதும் நிஷாந்தினி என்னிடம் வந்தாள். அன்றைக்கு என்னதான் நடந்தது என்று கேட்கத்தான் வந்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்க எழுதுறீங்கன்னு அப்பா சொன்னாரு. எப்படி முடிச்சிருக்கீங்க மாமா?"

இன்னும் முடிக்கவில்லை என்றேன்.

"முடிக்காதீங்க," என்றாள். "நாளைக்கும் ஆளு வரும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் என்ன சொல்லியிருப்பான், சொல்லாமல் இருந்திருப்பான் என்று இத்தனை நாள் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தேன். இது என் கால் என்கிற அந்த வார்த்தைதானே இந்தக் கொப்பி. இதை யாராவது வாசித்தால் போதும், அவள் வேலை போய்விடும்.

அடுத்த நாள் மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகள் மேல் உட்கார்ந்து செல்லச்சாமிக்கு முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். மகளின் கையைப் பற்றி எழுதிய இடத்தை மட்டும் இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னான். பிறகு, பேரை மாற்றிவிட்டாயா என்று கேட்டான். எல்லாப் பேரையும் மாற்றிவிட்டேன் என்றேன்.

"எனக்கு நல்ல பேராத்தான் வச்சியா?"

"செல்லச்சாமி."

இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். மோசமில்லை என்றான். காலையும் மாற்று, இடதை வலதாக்கு, விரலையும் மாற்று, ஜன்னலைக் கதவாக்கு என்றான். சோற்றைப் பிசைந்துகொண்டே, ஒரு வேலைக்கு அளவு சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசியாக ஒன்று: "தரைய மட்டும் மாத்தாத. அது நல்ல தரை."

அவன் சொன்னதில் எதை மாற்றினேன், எதை விட்டேன் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவைத் தேடினால் கிடைக்காது. அதற்கான வேலையை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கண்டிக்கு நீங்கள் வரத்தான் போகிறீர்கள். வாவிக்கு மேலேயோ கீழேயோ ஏதோ ஒரு கோப்பிக் கடைக்குள் போவீர்கள், கிண்ணத்தைப் படமெடுப்பீர்கள். தரையில் ஏதோ ஒரு அடையாளம் இருக்கும். ஏப்ரன் கட்டிய ஒரு பிள்ளை வந்து, அதற்கு ஒரு கதை இருக்கிறது, சொல்லவா என்று கேட்கும். சொல்லட்டும். இடையில் புகாமல் கேளுங்கள். முடிந்ததும், அந்த மனிதர் திரும்பி வந்தாரே, வந்து என்ன செய்தார் என்று மட்டும் கேளுங்கள். அன்றைக்கு அவள் சொல்வதுதான் முடிவு. கீழே மூன்று வரி விட்டு வைத்திருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.